முற்றும்மையைத் தொலைத்தவர்கள்

தமிழ் இலக்கணம் பற்றிப் பேச வாயெடுத்தாலே இரண்டு குரல்கள் எழுந்துவிடுகின்றன. 'அதெல்லாம் தொல்காப்பியத்திலேயே சொல்லியாகிவிட்டது' என்பது ஒன்று. 'இலக்கணம் புலவர்கள் பாடு, நமக்கு இலக்கியம் போதும்' என்பது மற்றொன்று. சிற்றிதழ்ச் சூழலில் இரண்டாவது குரலுக்கே செல்வாக்கு அதிகம். முதல் குரலுக்கு உரியவர்கள் நூலைத் திறந்து பார்ப்பதில்லை. இரண்டாமவர்கள் திறக்க வேண்டியதே இல்லை என்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே, நம் எழுத்துத் தமிழிலிருந்து ஓர் இடைச்சொல் மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் 'உம்'.

அண்மைக் கால மொழிபெயர்ப்பு நூல் ஒன்றையோ, ஒரு நிறுவனத்தின் சுற்றறிக்கையையோ எடுத்துப் பாருங்கள். 'அனைத்து மாணவர்கள் வந்தனர்', 'இவ்விதி எல்லா ஊழியர்களுக்குப் பொருந்தும்', 'ஒவ்வொரு பயணி தம் உடைமைக்குப் பொறுப்பு' என்ற பாங்கில் வாக்கியங்கள் எதிர்ப்படும். ஆங்கிலத்தில் அளவைக் குறிக்கும் சொல் பெயருக்கு முன்னால் வந்து வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு நிகராக 'அனைத்து' என்று எழுதியதும் கடமை தீர்ந்தது என்று மொழிபெயர்ப்பாளர் எண்ணிவிடுகிறார். தமிழில் அது பாதி வேலைதான். மீதிப் பாதி பெயரின் இறுதியில் இருக்கிறது: 'அனைத்து மாணவர்களும்', 'எல்லா ஊழியர்களுக்கும்', 'ஒவ்வொரு பயணியும்'. 'அனைத்துக் கட்சிக் கூட்டம்' என்பது போலத் தொகையாக வரும்போது 'உம்' வேண்டியதில்லை. அது வேறு கதை. வாக்கியத்தில் எழுவாயாகவோ வேற்றுமை ஏற்றோ நிற்கும் தொடருக்கு 'உம்' இல்லையென்றால் காது உடனே முரண்டு பிடிக்கிறது.

கவனிக்க வேண்டியது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எவரும் இந்தப் பிழையைச் செய்வதில்லை என்பது. 'எல்லா ஆளும் வந்தாச்சு' என்பார்கள். 'எல்லா ஆள் வந்தாச்சு' என்று ஒருவர் பேசிக் கேட்க முடியாது. இது படித்தவர் எழுத்துக்கே உரிய பிழை. நடை சார்ந்த சிறு குறை என்று இதை ஒதுக்கிவிடுபவர்களோடு நாம் உடன்படவில்லை. எத்தனை, எவ்வளவு, எவரெவர் என்று வரம்பு கட்டும் பொறுப்பைத் தமிழ் பெரும்பாலும் 'உம்', 'ஓ', 'ஆவது', 'தான்' போன்ற ஒட்டுகளிடமே ஒப்படைத்திருக்கிறது. ஒட்டைத் தொலைத்தால் வரம்பும் தொலைகிறது.

*

ஓர் ஊர்ப்பெயரை வைத்தே தொடங்கலாம். ஆலங்குளம் என்றதும் பலருக்கு நினைவு வருவது இன்றைய தென்காசி மாவட்டத்து ஆலங்குளம். விருதுநகர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. சிவகாசி, ராஜபாளையம் வட்டாரத்துக் கரிசல் மண்ணில் அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. இந்தச் செய்தியை அறியாதவரிடம் 'தென்மாவட்டங்களில் இரண்டு ஆலங்குளம் உண்டு' என்று சொல்கிறோம். அங்கே 'இரண்டு ஆலங்குளமும்' என்று தொடங்க முடியாது. சொல்லி முடித்த பிறகு, 'நேற்று இரண்டு ஆலங்குளத்திலும் மழை' என்கிறோம். இந்த இடத்தில் 'உம்'மை நீக்கி 'இரண்டு ஆலங்குளத்தில் மழை' என்றால், எத்தனையோ ஆலங்குளங்கள் இருப்பதாகவும் அவற்றுள் ஏதோ இரண்டில் மழை பெய்ததாகவும் பொருள் மாறிவிடும். முழுத்தொகை இருவருக்கும் தெரிந்தது, அதில் மிச்சம் ஏதுமில்லை என்ற இரண்டு செய்திகளை அந்த ஒற்றை ஒட்டு சுமக்கிறது. ஆங்கிலம் 'தி' என்ற சொல்லால் செய்துகொள்ளும் வேலையில் ஒரு பகுதியைத் தமிழ் 'உம்'மால் செய்துகொள்கிறது.

தொல்காப்பியர் இதைக் கண்டிருக்கிறார். இடையியலில் 'உம்'முக்கு எட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டதைப் பள்ளியில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். அதைவிட நுட்பமான செய்தி கிளவியாக்கத்தில் இருக்கிறது. இத்தனை என்று தொகை அறியப்பட்ட பொருள் வினையோடு முடியும்போது 'உம்' வேண்டும் என்று ஒரு நூற்பா விதிக்கிறது. கண் இரண்டும், வேந்தர் மூவரும் என்ற வகையில் உரையாசிரியர்கள் சான்று தருகிறார்கள். அதற்கு அடுத்த நூற்பாவுக்கு அவர்கள் கொள்ளும் பொருள், இல்லாத பொருளைச் சொல்லும்போதும் இதே இயல்புதான் என்பது. முழுமையும் இன்மையும் எதிரெதிர் முனைகள். 'மூவரும் வந்தனர்' என்பதில் ஒருவரும் விடுபடவில்லை. 'எவரும் வரவில்லை' என்பதில் ஒருவரும் அகப்படவில்லை. இரண்டுக்கும் ஒரே ஒட்டு. இது ஏன்?

தொல்காப்பியர் இவ்விரண்டையும் அருகருகே வைத்தார், காரணம் கூறவில்லை. விதியைச் சொல்வது அவர் நூலின் முறை. காரணத்தைத் தேடுவது பின்வந்தவர்களின் வேலை. 'எல்லாம் அங்கே இருக்கிறது' என்று நூலை மூடி வைத்தவர்கள் அந்த வேலையைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள்.

*

காரணம் தேடும் முறை ஒன்றைச் சென்ற நூற்றாண்டின் மொழியியல் கொண்டுவந்தது. நோம் சாம்ஸ்கியின் முதல் தொடரியல் நூல் 1957இல் வெளிவந்தது. பத்தே ஆண்டுகளில், 1967இல், ச. அகத்தியலிங்கம் அம்முறையில் தமிழுக்கு எழுதிய ஆக்கமுறை இலக்கணம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து நூலாக வந்துவிட்டது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல். அதற்குப் பின் நடந்த உரையாடலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. தமிழைப் பற்றிய தீவிரமான தொடரியல் சிந்தனை தமிழ் இலக்கிய வாசகனின் பார்வைக்கு வெளியிலேயே வளர்ந்ததற்கு இது முக்கியமான காரணம்.

ஆக்கமுறை இலக்கணக்காரர் கேட்கும் கேள்வி எளிது. 'உம்'முக்குப் பொருள் எட்டா, அல்லது ஒரே பொருள் எட்டு இடங்களில் எட்டு முகம் காட்டுகிறதா? 'முத்துவும் மாரியும் செல்வியும்' என்பதில் உள்ள எண்ணும்மையும், 'எவரும்' என்பதில் உள்ள 'உம்'மும் ஒன்றுதானா?

ஹைதராபாத்தில் பணியாற்றிய கே. ஏ. ஜெயசீலன் 2001இல் மலையாளத்தை முன்வைத்து இக்கேள்விக்கு அழகான விடை ஒன்றைத் தந்தார். அதைத் தமிழ்ச் சான்றுகளால் சொல்லிப் பார்க்கலாம். மூன்று பேர் மட்டுமே இருக்கும் ஓர் அறையில் 'முத்துவும் மாரியும் செல்வியும் வந்தார்கள்' என்பதும் 'எல்லோரும் வந்தார்கள்' என்பதும் ஒரே செய்தி. அதே அறையில் 'முத்துவோ மாரியோ செல்வியோ வந்திருக்கிறார்கள்' என்பதும் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்பதும் ஏறக்குறைய ஒரே செய்தி. முழுமை என்பது 'உம்'மால் கோத்த நீண்ட மாலை. ஏதோ ஒன்று என்பது 'ஓ'வால் பிரித்த நீண்ட வரிசை. பெயர்களைச் சொல்லி மாளாது என்பதால் அவற்றின் இடத்தில் 'யார்' என்ற வெற்றிடத்தை வைத்து, கடைசியில் 'உம்'மையோ 'ஓ'வையோ ஒட்டிவிடுகிறோம். வினாச்சொல்லுக்குத் தனியாக அளவு கிடையாது. அளவைத் தருவது ஒட்டு.

ஜப்பானிய மொழியிலும் இதே கதைதான். யார் என்பதற்கு அங்கே 'தரே'. உம் என்பதற்கு 'மோ', ஓ என்பதற்கு 'கா'. 'தரேமோ', 'தரேகா' என்பவை நம் 'யாரும்', 'யாரோ'வின் வார்ப்புகள். எஸ்.-ஒய். குரோடா 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டிலேயே இதை விரிவாக ஆராய்ந்தார். இதைக் கேட்டதும் சுசுமு ஓனோவின் தமிழ் ஜப்பானிய உறவுக் கொள்கைக்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது என்று மேடை ஏற நம்மில் சிலர் ஆயத்தமாகக்கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். லத்தீனில் 'குவிஸ்' என்றால் யார், 'குவே' என்றால் உம்; 'குவிஸ்குவே' என்றால் ஒவ்வொருவரும். இந்தியில் 'கோயீ பீ' என்பதில் உள்ள 'பீ' நம் 'உம்'மேதான். இவ்வளவு பேரையும் ஒரே குடும்பத்தில் சேர்க்க முடியாது. இந்த ஒற்றுமை குருதி உறவைக் காட்டவில்லை. முழுமையைச் சொல்ல மனித மனம் போகும் பாதைகளில் ஒன்றைக் காட்டுகிறது. நம் பெருமைக்கு இது குறைவென்று நாம் நினைக்கவில்லை.

*

ஒட்டு என்று சொல்கிறோம், எதில் ஒட்டுகிறது? பள்ளி இலக்கணம் பெயரில் என்று சொல்லும். ஆனால் 'மூன்று பேரையும்', 'யாருக்கும்', 'யாரிடமோ' என்பவற்றில் வேற்றுமை உருபு முடிந்த பிறகே ஒட்டு வருகிறது. பெயரும் உருபும் சேர்ந்து தொடராக ஆன பின், அந்த முழுத் தொடரின் மேல் அது அமர்கிறது. இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால் இதைப் பாருங்கள்: 'எந்த ஊரில் பிறந்தவரும் இந்த வேலைக்கு மனுச் செய்யலாம்.' வினா இருப்பது 'எந்த' என்பதில். 'உம்' இருப்பது 'பிறந்தவர்' என்பதில். நடுவே ஒரு பெயரெச்சத் தொடர் முழுதும் கிடக்கிறது. அத்தனை தொலைவிலிருந்தும் 'உம்' தன் வினாச்சொல்லைக் கண்டுகொள்கிறது.

'யார் சொன்னாலும் கேட்க மாட்டான்' என்ற தினசரி வாக்கியத்தில் அந்தத் தொலைவு இன்னும் கூடுகிறது. 'உம்' இப்போது பெயரில்கூட இல்லை. நிபந்தனை வினையின் மேல் ஏறி நிற்கிறது. 'எங்கே போனாலும்', 'எத்தனை பேர் வந்தாலும்', 'எவ்வளவு கொடுத்தாலும்' என்று நாவலின் ஏதாவதொரு பக்கத்தில் இவ்வமைப்பு வந்தே தீரும். முழு உலகையும் ஒரு வாக்கியத்துக்குள் அடைத்துவிடும் தமிழின் வழி இது. இதை 'இழிவு சிறப்பும்மை', 'உயர்வு சிறப்பும்மை' என்ற இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிட முடியாது.

விடை எளிதில் சிக்காத புதிர் ஒன்றையும் வாசகர் முன் வைக்கிறோம். 'யாரும் வரவில்லை' சரி. 'யாரும் வந்தார்கள்' இன்றைய தமிழில் தவறு. 'எதுவும் கிடைக்கவில்லை' சரி. 'எதுவும் கிடைத்தது' தவறு. ஆனால் 'எப்போதும் வந்தார்', 'எங்கும் மழை பெய்தது' என்பவற்றில் எந்தக் குறையும் இல்லை. எல்லாமே வினாச்சொல்லோடு 'உம்' சேர்ந்தவை. ஆளையும் பொருளையும் கேட்கும் வினாக்கள் எதிர்மறையைத் தேடும்போது, காலத்தையும் இடத்தையும் கேட்கும் வினாக்கள் உடன்பாட்டிலும் தயங்காமல் நிற்கின்றன. இதற்கும் ஒரு விலக்கு உண்டு. 'சிவகாசியில் எந்தக் கடையிலும் பட்டாசு கிடைக்கும்' என்றால் சரி. 'நேற்று எந்தக் கடையிலும் பட்டாசு கிடைத்தது' என்றால் இடறுகிறது. நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்போது வராத 'எந்த…உம்', இயல்பையும் அனுமதியையும் சொல்லும்போது வருகிறது. 'யாரும் வரலாம்' என்பது இனிது செல்வதும் இதனால்தான். 'யாவரும் வந்தனர்' என்று பழந்தமிழ் வடிவத்தில் சொன்னால் தடையேதும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், 'யாரும்' என்ற சொல் நம் மொழி வரலாற்றில் எங்கோ எதிர்மறையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிகிறது. எப்போது, ஏன் என்ற கேள்விகள் ஓர் இளம் ஆய்வாளரின் பல ஆண்டு உழைப்பைக் கோருபவை.

*

இதெல்லாம் மொழியியலாரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஆலங்குளத்திலிருந்து சிவகாசிப் பக்கம் வர வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது. பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வரம்பிடுகின்றன. விபத்துகளுக்கு இலக்கணப் பிழை காரணம் என்று சொல்வது அபத்தம். வறுமை, பேராசை, மேற்பார்வைக் குறைவு என்று காரணங்கள் வேறு. ஆனால் வரம்பு என்பது முதலில் ஒரு வாக்கியமாகவே தொழிலாளியை வந்தடைகிறது. அந்த வாக்கியம் தமிழில் இருக்கிறது.

எண்ணிக்கை நான்கு என்று வைத்துக்கொள்வோம். 'இவ்வறையில் 4 பேர் வேலை செய்யலாம்' என்ற வாக்கியம் ஐந்தாமவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. 'இதைத் தூக்க 4 பேர் வேண்டும்' என்றால் ஐந்தாமவர் வந்தாலும் குற்றமில்லை அல்லவா? வெறும் எண் தன் மேல்வரம்பைத் தானே பூட்டிக்கொள்வதில்லை. பூட்டுவது ஒட்டு. '4 பேர்தான்' என்றால் மேல்வரம்பு. '4 பேராவது' என்றால் கீழ்வரம்பு. '4 பேரும்' என்றால் முன்பே அறிந்த முழுத்தொகை. ஒரே எண், மூன்று ஒட்டு, மூன்று சட்டம். ஆங்கில விதியை மொழிபெயர்ப்பவர் 'அதிகபட்சம்' என்ற ஒரு சொல்லை எங்கேயாவது செருகிவிட்டு நகர்வதைவிட, '4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது' என்று மனிதர் பேசும் தமிழில் எழுதுவது தெளிவு.

எதிர்மறை சேர்ந்தால் சிக்கல் இரட்டிக்கிறது. 'எல்லோரும் உள்ளே போகக் கூடாது' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர்கூடப் போகக் கூடாது என்பது ஒன்று. எல்லோருமாகச் சேர்ந்து போகக் கூடாது, சிலர் போகலாம் என்பது மற்றது. 'எல்லோரும்' என்ற தொடரின் வீச்சுக்குள் எதிர்மறை அடங்குகிறதா, எதிர்மறையின் வீச்சுக்குள் 'எல்லோரும்' அடங்குகிறதா என்பதைப் பொறுத்தது இது. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் காப்பாற்றிவிடும். சுவரில் எழுதிய வாக்கியத்துக்குக் குரல் இல்லை. 'யாரும் உள்ளே போகக் கூடாது' என்பதற்கோ ஒரே பொருள்தான். எதிர்மறைக்கென்றே தமிழ் வளர்த்து வைத்திருக்கும் சொல்லை விட்டுவிட்டு, ஆங்கிலத்து 'ஆல்' என்பதற்கு 'எல்லோரும்', 'அனைவரும்' என்று போடுகிறவர் தெளிவைக் கொடுத்துக் குழப்பத்தை வாங்குகிறார்.

இந்த இருபொருளை மேலைமொழியியல் விரிவாக அலசத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில். ராபர்ட் மே 1977ஆம் ஆண்டு ஆய்வேட்டில், அளவுத் தொடர்கள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தளத்தில் இடம்பெயர்ந்து தம் வீச்சை அமைத்துக்கொள்கின்றன என்று வாதிட்டார். நம் இலக்கண மரபோ, முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பியத்திலும் பின்னர் நன்னூலிலும் விதி செய்து வைத்திருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் சான்றுகள் எதிர்மறை வாக்கியங்கள். 'பத்தையும் கொடுக்காதே' என்றால் சிலவற்றைக் கொடு என்ற எச்சம் தொக்கி நிற்கும் என்ற வகையில் அவர்கள் விளக்குகிறார்கள். மே சொன்ன இடப்பெயர்ச்சியை அவர்கள் சொன்னார்கள் என்று கூறினால் பொய். மே தொட்ட நிகழ்வை அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்துக் குறித்து வைத்தார்கள் என்பது உண்மை. அவர்கள் செவி கூர்மையானது. இவர்கள் கருவி கூர்மையானது. இரண்டையும் ஒரே மேசையில் வைப்பதற்குத்தான் தமிழில் ஆளில்லை.

*

ஆகவே சில வேண்டுகோள்கள்.

மொழிபெயர்ப்பாளர்களும் இதழாசிரியர்களும் 'அனைத்து', 'எல்லா', 'ஒவ்வொரு' என்ற சொற்களைக் கண்டவுடன் பெயரின் இறுதிக்கு ஒருமுறை கண்ணை ஓட்ட வேண்டும். வாக்கியத்தைச் சுருக்குவதற்காக 'உம்'மை வெட்டும் கை சற்றுத் தயங்க வேண்டும். எல்லா இடத்திலும் 'ஒவ்வொரு' வேண்டியதும் இல்லை. 'ஆளுக்கொரு பெட்டி' என்று நான்காம் வேற்றுமையாலேயே பங்கிட்டுவிடும் வழி நம்மிடம் இருக்கிறது. 'ஒவ்வொரு நபருக்கும் ஒரு பெட்டி வீதம்' என்று நீட்டுவது எதற்காக?

தமிழாசிரியர்கள் உம்மையின் எட்டு வகையை ஒப்பிக்கச் சொல்வதோடு நில்லாமல், 'இரண்டு பேர் வந்தார்கள்', 'இரண்டு பேரும் வந்தார்கள்' என்ற இரு வாக்கியங்களைப் பலகையில் எழுதி வேறுபாடு என்னவென்று கேட்டால் போதும். பிள்ளைகளுக்கு விடை தெரியும். பேசத் தொடங்கிய வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததைத் தெரிந்துகொள்வதுதான் இலக்கணம் என்ற சுவை அங்கே பிறக்கும்.

வட்டார வழக்கில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கும் ஒன்று. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்து நமக்கு வழிகாட்டினார். அதைத் தொடர்ந்து ஊர்ச்சொற்களைத் திரட்டும் ஆர்வம் பரவியது. அதேபோல் ஊர்வாக்கியங்களையும் திரட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. இரண்டு ஆலங்குளத்திலும் 'யாரும்', 'எவனும்', 'ஒருத்தரும்' ஒரே இடங்களில்தான் வருகின்றனவா? 'யாராவது' என்று ஒருவர் சொல்லும் இடத்தில் மற்றவர் 'யாரும்' என்பாரா? இவற்றுக்கு விடை நூலகத்தில் இல்லை. பேருந்து நிலையத்திலும், தீப்பெட்டி ஒட்டும் திண்ணையிலும், ஆலை வாசலிலும் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் எவரும் தொடங்கலாம்.

கடைசி வாக்கியத்தில் 'எவரும்' என்றே எழுதியிருக்கிறோம். அது அனுமதியைச் சொல்லும் 'உம்'.